திரும்பி வரும் மெட்டு

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி வால்' ஆல்பம் என் கைக்கு முதலில் வந்தது ஓர் அறுபது நிமிடக் கேசட்டாகத்தான். 1991ஆம் ஆண்டு, கல்லூரியில் முதல் வருடம். திருச்சியில் நான் வழக்கமாகப் போகும் ரெக்கார்டிங் கடையில், சினிமாப் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே ஒரே ஓர் அடுக்கில் மட்டும் ஆங்கில இசைத்தட்டுகள் இருக்கும். வெற்றுக் கேசட்டையும் வேண்டிய பாடல்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். எனக்குப் பாடல்களின் பெயர்கள் தெரியாததால், "முழுசாப் பதிஞ்சிருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தட்டுகளில் 26 பாடல்களாக, 80 நிமிடங்களைச் சற்றே தாண்டி ஓடும் ஆல்பம் அது என்பதோ, நான் கொடுத்த நாடாவில் அது அடங்காது என்பதோ எனக்குத் தெரியாது. கடைக்காரர் தாமாகவே முடிவெடுத்து 14 பாடல்களைத் தேர்ந்து பதிந்து, அட்டையில் நீல மையால் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். 'அனதர் பிரிக் இன் தி வால்' என்ற பாடல் அந்தத் தட்டில் மூன்று இடங்களில் வருகிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். "ஒரே மெட்டுத்தான் தம்பி, மூணு தடவ இருக்கு. எல்லாரும் கேக்கிறது ரெண்டாவதுதான், பிள்ளைங்க சேந்து பாடுறது. அத மட்டும் மொதல்ல போட்டிருக்கேன்" என்றார்.

இரண்டு ஆண்டுகள் அந்த நாடாவைத்தான் கேட்டேன். அதில் இருந்த ஒவ்வொரு பாடலையும் விரும்பினேன் என்றாலும், அவற்றுக்குள் ஓர் உறவு உண்டு என்று ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை. 1993இல் விடுதியில் எதிர் அறைத் தோழனுக்கு அவனுடைய மாமா துபாயிலிருந்து சிடி பிளேயர் ஒன்று வாங்கி வந்தார். கூடவே வந்த நான்கைந்து சிடிகளில் 'தி வால்' ஆல்பமும் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அதைப் போட்டான். முதலில், காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்கு மெல்லிய ஒரு மெட்டு. அதன் மேல் ஒரு குரல், வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் சொல்லிவிட்டு மறைந்தது. அடுத்த நொடி கிதார்களும் டிரம்ஸும் அறையை நிரப்பின. இரண்டு பாடல்கள் கழித்து எனக்கு நன்கு தெரிந்த அந்த மெட்டு வந்தது. ஆனால் அதில் பிள்ளைகள் இல்லை, ஆட வைக்கும் தாளம் இல்லை. கடல் கடந்து போன தந்தை குடும்பப் புகைப்படத் தொகுப்பில் ஒரு படத்தை மட்டும் விட்டுச் சென்றதை ஒரு மகன் ஏறக்குறைய முனகலாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சில நிமிடங்களில் அதே மெட்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பிள்ளைகளின் குரலில் உரத்து ஒலித்தது. முதல் சிடி முடியும் தறுவாயில் மூன்றாம் முறையாக வந்தபோது, தன்னை அணைக்க எந்தக் கைகளும் வேண்டாம் என்று கத்துகிறவனின் மெட்டாக அது மாறியிருந்தது. தந்தையை இழந்த குழந்தையும் ஆசிரியரிடம் அவமானப்பட்ட சிறுவனும் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தனியறையில் கிடக்கும் பாடகனும் ஒரே ஆள் என்பதை எனக்குச் சொன்னது அந்த மெட்டுத்தான். பாடல் வரிகளில் பாதிகூட அன்று எனக்குப் புரியவில்லை.

ஆல்பத்தின் இறுதியில், அந்தப் பாடகன் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொண்ட சுவர் இடிந்து விழுந்த பிறகு, தொடக்கத்தில் கேட்ட மெல்லிய மெட்டு மறுபடியும் வருகிறது. அதன் மேல் ஒரு குரல் ஒரு கேள்வியின் முன்பாதியைச் சொல்லும்போதே ஒலி துண்டிக்கப்படுகிறது. தோழன் ஒன்றும் பேசாமல் முதல் சிடியை எடுத்து மறுபடி போட்டான். கேள்வியின் பின்பாதி அங்கே இருந்தது. 'நாம் உள்ளே வந்த இடம் இதுதானே' என்ற அந்தக் கேள்வி ஆல்பத்தின் கடைசி நொடியில் தொடங்கி முதல் நொடியில் முடிகிறது.

ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லை அடுத்த பாட்டின் முதற்சொல்லாக்கி, நூறாவது பாட்டின் முடிவை முதற்பாட்டின் தொடக்கத்தோடு கொண்டு வந்து சேர்ப்பதை நம் இலக்கணம் மண்டலித்தல் என்று சொல்கிறது. 'உதிக்கின்ற' என்று தொடங்கும் அபிராமி அந்தாதி அதே சொல்லின் வடிவத்தில்தான் முடிகிறது. வீட்டில் ஆடி மாதம் முழுவதும் அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, லண்டனைச் சேர்ந்த ஒரு ராக் குழுவின் ஆல்பத்தில் அந்த வட்டம் அகப்பட்டது பெரும் வியப்பாக இருந்தது. அந்த ஆல்பத்தின் பாடல்களை எழுதிய ராஜர் வாட்டர்ஸுக்கு அந்தாதி தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்பவரை வெளியே விடாமல் உள்ளேயே சுற்றிவரச் செய்ய வேண்டும் என்று நினைக்கும் எவரும், எந்த மொழியில் எழுதினாலும், இந்த வடிவத்தை வந்தடைவார்கள் என்று மட்டும் நினைக்கிறேன்.

கடைக்காரர் சொன்னது உண்மை. அது ஒரே மெட்டுத்தான். அந்த மெட்டு மூன்று தடவை வருவதுதான் அந்த ஆல்பம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு முப்பது ஆண்டுகளாகக் கான்செப்ட் ஆல்பங்களை இந்த ஒரு காதோடுதான் கேட்டு வருகிறேன். கான்செப்ட் ஆல்பம் என்றால் பாடல்களால் ஒரு கதையைச் சொல்லும் ஆல்பம் என்பது பொதுவான விளக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஆல்பங்களின் கதைகளை எழுதிப் படித்தால் பெரும்பாலானவை மெலிந்தவை, சில குழப்பமானவை. இருந்தும் அவை நம்மைப் பிடித்துக்கொள்கின்றன என்றால், அந்தப் பிடி ஒரு மெட்டோ ஓசையோ சொல்லோ போய்விட்டுத் திரும்பி வருவதில் இருக்கிறது. கீர்த்தனையில் அனுபல்லவியும் சரணமும் முடிந்து பல்லவிக்கு வரும்போது, சொல்லும் சுரமும் மாறாமலே பல்லவி வேறொன்றாகிவிடுவதை நாம் அறிவோம். நாற்பது நிமிடத்துக்கு நீட்டப்பட்ட அந்த அனுபவத்தைத்தான் நல்ல கான்செப்ட் ஆல்பம் தருகிறது.

அந்த நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய பழைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பதிய முடியும். அத்தகைய தட்டுகள் பலவற்றைப் புகைப்படத் தொகுப்பைப் போன்ற உறைப் புத்தகத்தில் செருகி விற்றதால்தான் அந்தத் தொகுப்புக்கு ஆல்பம் என்ற பெயர் வந்தது. அமெரிக்கச் சமவெளிகளின் புழுதிப் புயல்களால் ஊர்விட்டுப் போன உழவர்களைப் பற்றி வுடி கத்ரி 1940இல் வெளியிட்ட 'டஸ்ட் பௌல் பாலட்ஸ்', தலா மூன்று தட்டுகள் கொண்ட இரண்டு தொகுப்புகளாக வந்தது; ஒரே பொருளைச் சுற்றிப் பாடல்களைக் கோத்த முயற்சிகளில் அது மிக முந்தியது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீள்தட்டை அறிமுகப்படுத்திய பிறகு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. 1955இல் ஃபிராங்க் சினாட்ரா பின்னிரவுத் தனிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு 16 பாடல்களை ஒரே தட்டில் வைத்தார். நீள்தட்டுக்கும் எல்லைகள் இருந்தன. ஒரு பக்கத்தில் நேரத்தைக் கூட்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதனால் ஒலியின் உரப்பைக் குறைக்க வேண்டும். ஊசி மையத்தை நெருங்க நெருங்க ஒலியின் கூர்மையும் மங்கும். இதனால் ஆரவாரமான பாடல்களைப் பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியானவற்றைக் கடைசியிலும் வைக்கும் வழக்கம் இருந்தது. வரிசை என்பது இசைக்கலைஞருக்கு ஒரு கட்டுப்பாடாகவும் கருவியாகவும் சேர்ந்தே வந்தது.

ராக் இசையில் கான்செப்ட் ஆல்பத்தின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது 1967இல் வெளியான பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை. ஒரு கற்பனைக் குழு மேடையேறிக் கச்சேரி செய்வதாக அது தொடங்குகிறது. இரண்டாவது பாடலுக்குப் பிறகு அந்தக் குழு காணாமல் போகிறது. தம் பாடல்களுக்கும் அந்தக் கற்பனைக்கும் தொடர்பே இல்லை என்று ஜான் லெனனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆயினும் அதைக் கேட்பவர் எவருக்கும் ஒரு முழுமையைக் கேட்ட நிறைவு கிடைக்கிறது. அதற்குக் காரணம், கடைசிக்கு முந்தைய இடத்தில் முகப்புப் பாடல் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக, வேகம் கூடி மீண்டும் ஒலித்துவிட்டுப் போவதுதான். இடையில் வந்த அத்தனை தொடர்பற்ற பாடல்களையும் அந்தச் சிறு துண்டு பின்னோக்கிச் சென்று ஒரே கச்சேரியாகக் கட்டிவிடுகிறது. அதன் பிறகு வரும் 'எ டே இன் தி லைஃப்' கச்சேரி முடிந்து அரங்கை விட்டு வெளியே வந்தவரின் பாடலாகக் கேட்கிறது.

தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இந்தக் கலையை எல்லோரையும்விட ஆழமாக யோசித்தவர் என்பது என் எண்ணம். மே 1969இல் வெளியான 'டாமி', கண், காது, வாய் மூன்றும் அடைத்துப்போன ஒரு சிறுவன் பின்பால் விளையாட்டில் வீரனாகி, பிறகு ஞானாசிரியனாகி, சீடர்களால் கைவிடப்படும் கதை. இந்தச் சுருக்கத்தை எழுதும்போதே அது எவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறது என்பது தெரிகிறது. ஆனால் என்னைக் காணுங்கள், என்னைத் தொட்டு உணருங்கள் என்று அந்தச் சிறுவனின் உள்மனம் வேண்டும் சிறு மெட்டு, கொடுமைகளுக்கும் கூத்துகளுக்கும் நடுவே அவ்வப்போது தலைகாட்டும்போது, கதையின் ஓட்டைகள் எதுவும் கண்ணில் படுவதில்லை. டவுன்ஷெண்ட் அப்போது மெஹர் பாபாவின் அடியவராகியிருந்தார். பூனாவில் பிறந்து, 1925 ஜூலை முதல் 1969 ஜனவரியில் மறையும் வரை ஒரு சொல்லும் பேசாமல் வாழ்ந்தவர் மெஹர் பாபா. 'டாமி' தட்டின் உறையில் 'அவதார்' என்ற குறிப்போடு அவர் பெயர் இடம்பெற்றது. பேசாத குரு ஒருவரைப் பின்பற்றியவர், பேச முடியாத சிறுவனைத் தம் பெரும்படைப்பின் நடுவில் வைத்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து அவர் எடுத்த 'லைஃப்ஹவுஸ்' என்ற திட்டம், அதைச் சுற்றியிருந்தவர்களுக்கே விளங்காமல் கைவிடப்பட்டது. அதற்காக எழுதிய பாடல்களில் பல 1971இல் 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பமாயின. எந்தக் கதையும் இல்லாமல் வந்த அந்தத் தட்டு அவர்களுடைய மிகச் சிறந்த பாடல் தொகுப்புகளில் ஒன்று என்பதையும், அதன் முதல் பாடலின் பெயரில் மெஹர் பாபாவும் அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலியும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். ஏனென்றால் நான் நின்று பேச விரும்புவது 1973 அக்டோபரில் வந்த 'குவாட்ரோஃபீனியா' ஆல்பத்தைப் பற்றி.

அறுபதுகளின் லண்டனில், நேர்த்தியாக உடுத்தி ஸ்கூட்டர்களில் சுற்றிய மாட் இளைஞர்களுள் ஒருவன் ஜிம்மி. வீடு, வேலை, காதல், கூட்டாளிகள் என்று ஒவ்வொன்றாக இழந்து, முந்தைய ஆண்டு தன் வாழ்வின் உச்சமாகத் தோன்றிய பிரைட்டன் கடற்கரைக்கு ரயிலேறிப் போகிறான். அங்கே தான் வியந்த தலைவன் ஓட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் ஊழியனாக நிற்பதைக் காண்கிறான். பிறகு ஒரு படகைத் திருடிக்கொண்டு கடலுக்குள் இருக்கும் பாறைக்குப் போய், மழையில் நிற்கிறான். கதை இவ்வளவுதான். ஜிம்மிக்குள் நான்கு ஆளுமைகள் இருப்பதாகவும், நான்கும் குழுவின் நான்கு உறுப்பினர்களைக் குறிப்பதாகவும் கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மெட்டை டவுன்ஷெண்ட் ஒதுக்கினார். ஆல்பம் அலையோசையோடு தொடங்குகிறது. தொலைவில், காற்று அடித்துக்கொண்டு வந்து சேர்த்ததைப் போல, அந்த நான்கு மெட்டுகளின் துணுக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு மறைகின்றன. முதன்முறை கேட்பவருக்கு அவை யாருடைய குரல்கள் என்பது தெரியாது. இரண்டு தட்டுகளின் போக்கில் ஒவ்வொரு மெட்டும் தனக்குரிய பாடலைக் கண்டடைகிறது. கடைசிக்கு முந்தைய 'தி ராக்' என்ற வாத்திய இசையில், ஜிம்மி பாறையில் நிற்கும்போது, நான்கும் தனித்தனியாக வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, இறுதியில் எது எவருடையது என்று பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன. அதில் ஒரு சொல்லும் பாடப்படுவதில்லை. ஒரு மனிதன் தன்னோடு தானே சேர்ந்துகொள்வதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வரிகள் எவையும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு மழைச் சத்தம், பியானோ, 'லவ் ரெய்ன் ஓவர் மீ'. மழை இறைவனின் அருள் என்ற மெஹர் பாபாவின் கூற்றிலிருந்து அந்தப் பாடல் பிறந்ததாக டவுன்ஷெண்ட் சொல்லியிருக்கிறார். ஆளுகை என்றும் மழை என்றும் ஆங்கிலத்தில் ஒரே ஓசையில் கேட்கும் சொல்லை வைத்து, அன்பே என்மேல் பொழி, என்னை ஆள் என்று இரண்டையும் ஒன்றாக வேண்டுகிறான் ஜிம்மி. குழுவின் பாடகர் ராஜர் டால்ட்ரியின் குரல் அந்த வேண்டுதலில் கிழிந்துவிடும் நிலைக்குப் போகும்போது, ஆல்பத்தின் முதல் நிமிடத்தில் அலைகளுக்கு நடுவே கேட்ட மங்கலான கூவல் இதுதான் என்று நமக்குப் புரிகிறது. எண்பது நிமிடத்துக்கு முன் கேட்ட ஓசைக்கு இப்போது ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. மேடையில் இந்த ஆல்பத்தை வாசிக்க முன்பதிவு நாடாக்களை நம்ப வேண்டியிருந்ததும், அவை அடிக்கடி குழுவோடு ஒத்துப்போக மறுத்ததும், 1973 சுற்றுப்பயணத்தைத் துன்பமாக்கின. இந்த இசை தட்டுக்கென்றே பிறந்தது என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் வாதத்துக்கு எளிதில் வசப்படாத ஓர் ஆல்பமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1969 அக்டோபரில் தி கிங்க்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு வெளியிட்ட 'ஆர்தர்', பிரிட்டிஷ் பேரரசின் சரிவும் வீழ்ச்சியும் என்ற துணைத்தலைப்போடு வந்தது. கிரனாடா தொலைக்காட்சிக்காக, எழுத்தாளர் ஜூலியன் மிட்செலோடு சேர்ந்து குழுவின் பாடலாசிரியர் ரே டேவிஸ் உருவாக்கிய நாடகத்தின் பாடல்கள் அவை. நாடகம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டு, பாடல்கள் மட்டும் எஞ்சின. ஆர்தர் தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளி. டேவிஸின் அக்காவை மணந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவரை மனத்தில் வைத்து உருவான பாத்திரம். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான எடி முதல் உலகப் போரில் சோம் களத்தில் சாகிறார். அந்தப் பெயரையே சூட்டி வளர்த்த மகன் கொரியப் போரில் சாகிறான். இன்னொரு மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். இவை எல்லாம் உறையில் இருக்கும் குறிப்பில்தான் உள்ளன. பாடல்களில் ஆர்தரின் பெயர் கடைசிப் பாடல் வரை வருவதே இல்லை. எந்த மெட்டும் போய்த் திரும்புவதும் இல்லை.

அப்படியானால் அந்த ஆல்பம் எப்படி நிற்கிறது? பல ஆண்டுகள் இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இது: மெட்டுக்குப் பதிலாக அங்கே ஒரு குரலின் தோரணை திரும்பி வருகிறது. முதல் பாடலான 'விக்டோரியா', ஏழையாகப் பிறந்தும் தான் வாழும் நாட்டைக் கொண்டாடுகிற ஒருவனின் உற்சாகக் கூவல்; கனடா, இந்தியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் என்று ராணி ஆண்ட நிலங்களை அவன் பெருமையோடு அடுக்குகிறான். அந்தப் பட்டியலில் நம் நாட்டின் பெயர் ஒரு தொழிலாளியின் பெருமிதமாக வந்து விழும்போது, நான் ஒவ்வொரு முறையும் சற்றே நின்றுவிடுவேன். பேரரசை நாம் அறிந்தது அதன் அடியில் இருந்து. அதன் தலைநகரத்திலேயே அதன் அடியில் இருந்தவர்களும் அதை நம்பித்தான் வாழ்ந்தார்கள் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு ராக் பாடல். அந்த நம்பிக்கையின் குரல் பின்னர் படைமுகாமில் அதிகாரிக்குப் பணிகிறது, ஒரு தாய் போர்க்களத்தில் இழந்த மகனுக்காகத் தாழ்கிறது, சர்ச்சில் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. 'ஷாங்ரி லா' பாடலில் அதே ஆள் கடன் தவணை கட்டிவரும் தன் சிறு வீட்டில், சாய்வு நாற்காலியில், கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மெல்லிய கிதாரில் தொடங்கும் பாடல், வரிசையாக நிற்கும் ஒரே மாதிரி வீடுகளைப் பற்றிப் பாடும்போது சீற்றமாகிறது. பிறகு அந்தச் சீற்றத்துக்கு வருந்துவதைப் போல மீண்டும் நாற்காலிக்குத் திரும்புகிறது. அவரைப் பரிகசித்துவிட்டுப் போவது டேவிஸுக்கு மிக எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கடைசிப் பாடலில் ஆர்தரை முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்து, உலகம் உன்னைத் தவறவிட்டுவிட்டது என்றும் உன்னைப் புரிந்துகொண்டோம் என்றும் ஆறுதல் சொல்கிறார். அந்தப் பெயர் வந்து விழுந்ததும் முந்தைய பாடல்கள் எல்லாம் ஒரே முகத்தைப் பெற்றுவிடுகின்றன. இதுவும் ஒரு திரும்பி வருதல்தான் என்று சொல்லத் துணிகிறேன்.

இதே ரே டேவிஸ் 1973இலும் 1974இலும் 'பிரிசர்வேஷன்' என்ற பெருங்கதையை இரு பகுதிகளாகச் சொல்ல முனைந்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. இரண்டாம் பகுதியில் நிகழ்வுகளை விளக்கச் செய்தி அறிவிப்புகள் பாடல்களுக்கு இடையே குறுக்கிடுகின்றன. கதையை விடாமல் சொல்ல வேண்டும் என்ற அக்கறை மிஞ்சும்போது இசை வேலையாளாகிவிடுகிறது. அவரை நேசிக்கிற ஒருவனாகவே இதைச் சொல்கிறேன். எழுபதுகளில் வந்த பல இரட்டைத் தட்டுகளுக்கும் இதே நோய் உண்டு.

பிங்க் ஃபிளாய்ட் அந்த நோய்க்கு ஆளாகாததற்கு, 'தி வால்' வரும் வரை அவர்கள் கதையே சொல்லாததும் ஒரு காரணம். 1973 மார்ச்சில் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் பாத்திரம் இல்லை, நிகழ்வு இல்லை. மனிதனை நிலைகுலைக்கும் பணம், காலம், சாவு, மனச்சிதைவு ஆகியவை மட்டும் இருக்கின்றன. 1973க்கும் 1988க்கும் இடையே அது அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. பதிவு செய்வதற்கு முன்பே, 1972 முழுவதும் அவர்கள் அதை மேடைகளில் வாசித்து வரிசையைச் செதுக்கினார்கள் என்பது எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் படுகிறது. முதல் துண்டு இதயத் துடிப்போடு தொடங்கி, கடிகாரத்தின் டிக் ஒலி, காசு இயந்திரம், பைத்தியச் சிரிப்பு, ஒரு பெண்ணின் கதறல் என்று பின்னால் வரப்போகும் ஓசைகளையெல்லாம் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. 'டைம்' பாடலின் இறுதியில், இளமையை வீணடித்தவன் மூச்சிரைக்க ஓடி ஓய்ந்தபின், 'பிரீத்' பாடலின் மெட்டு திரும்பி வந்து, வீடு திரும்பி நெருப்பருகே எலும்புகளைச் சூடேற்றிக்கொள்ளும் சுகத்தைப் பேசுகிறது. ஆல்பம் முழுவதிலும் ஆறுதல் தரும் ஓரிடம் அதுதான். அதுவும் தொலைவில் ஆலய மணியோசை கேட்பதோடு முடிந்து, அடுத்து சாவைப் பற்றிய பாடல் தொடங்குகிறது. கிளேர் டோரி என்ற பாடகி சொற்களே இல்லாமல் பாடிய அந்தப் பாடலின் குரலைத்தான் முதல் நிமிடத்தில் கதறலாகக் கேட்டிருந்தோம். கடைசியில் எல்லாம் அடங்கியபின் இதயத் துடிப்பு மட்டும் எஞ்சுகிறது. ஆபி ரோடு ஸ்டூடியோவின் வாயிற்காவலர், நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றில்லை, அது முழுவதும் இருட்டுத்தான் என்று சொல்வது அந்தத் துடிப்பின் மேல் கேட்கிறது.

1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் திரும்பி வருதல் இசையைத் தாண்டி வாழ்க்கைக்குள்ளும் நடந்தது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும், மனநிலை குலைந்து 1968இல் விலக நேர்ந்தவருமான சிட் பாரெட்டை எண்ணி எழுதிய நீண்ட பாடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆல்பத்தின் தலையிலும் மறுபாதியைக் காலிலும் வைத்தார்கள். டேவிட் கில்மோரின் கிதாரில் பிறந்த நான்கு சுரங்கள்தான் அந்தப் பாடலின் விதை. 1975 ஜூன் 5 அன்று, அந்தப் பாடலின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, பருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். அது சிட் என்று அவர்களுக்கு வெகுநேரம் தெரியவில்லை. ஆல்பம் மங்கி முடியும் கடைசி நொடிகளில், சிட் 1967இல் எழுதிய 'சீ எமிலி பிளே' பாடலின் சில சுரங்களை ரிச்சர்ட் ரைட் சிந்தசைசரில் தொட்டுவிட்டுப் போகிறார். தெரியாதவர் காதில் அது ஓர் அலங்காரமாகப் போய்விடும். தெரிந்தவருக்கு, பெயர் சொல்லாமலே அவரைக் கூப்பிட்ட குரலாகக் கேட்கும். நான் அதைக் கவனிக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

வரிசையைப் பற்றி அவர்கள் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பதற்கு 'தி வால்' தட்டின் உறையே சாட்சி. மூன்றாம் பக்கம் சரியாக அமையவில்லை என்ற எண்ணம் எழுந்து, 'ஹே யூ' பாடலைக் கடைசி நேரத்தில் அந்தப் பக்கத்தின் முதலிடத்துக்கு மாற்றினார்கள். அதற்குள் பாடல் வரிகள் அச்சாகிவிட்டதால், உறையில் அது பழைய இடத்திலேயே இருக்கிறது; ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு பாடலின் வரிகளும் அதில் அப்படியே உள்ளன. சுவர் முழுமையாக எழும்பி, விடைபெறும் சொல்லோடு இரண்டாம் பக்கம் அடங்குகிறது. கேட்பவர் எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டும். அந்த மௌனத்துக்குப் பிறகு, சுவரின் மறுபுறத்திலிருந்து முதலில் கேட்பது 'ஏய், நீ' என்ற அழைப்பு. அந்த ஒரு மாற்றத்தால், தட்டை மாற்றும் அரை நிமிடமும் கதையின் பகுதியாகிவிட்டது. சிடியில் அந்த இடைவெளி ஒரு சிறு தடங்கலாகச் சுருங்கிற்று. இப்போது பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியோடு கேட்கிறவர்களுக்கு அது இல்லவே இல்லை. 2021இல் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பங்களின் முதன்மைப் பொத்தானிலிருந்து அந்த வசதியை எடுத்தபோது, ராக் இசையோடு தொடர்பில்லாத ஒருவர் இதைச் சாதித்தாரே என்று மகிழ்ந்தேன்.

அந்தப் பழைய கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாடா இழுபட்டு, கேட்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. நீல மை எழுத்துகள் மட்டும் தெளிவாக உள்ளன. அதில் 'கம்ஃபர்டப்ளி நம்' ஒன்பதாவது, 'மதர்' பத்தாவது. சரியான வரிசையில் இந்த ஆல்பத்தை நான் இதுவரை நூறு முறையாவது கேட்டிருப்பேன். என்றாலும் 'கம்ஃபர்டப்ளி நம்' பாடலின் நீண்ட கிதார் வாசிப்பு தேய்ந்து மறையும் ஒவ்வொரு முறையும், அடுத்த பாடல் தொடங்குவதற்கு முந்தைய அந்த நொடியில், 'மதர்' பாடலுக்கு முன் கேட்கும் மூச்சிழுக்கும் ஒலியைத்தான் என் காது எதிர்பார்த்து நிற்கிறது.